கிளார்க் இல்லாத ஆல்பத்தில் இரண்டு கிட்டார் எப்படி வந்தது?

கேள்வி இதுதான்: “டெஃப் லெப்பர்ட் குழுவின் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் கிளார்க் 1991இல் இறந்துவிட்டார். அடுத்த வருடம் வந்த ‘அட்ரினலைஸ்’ ஆல்பத்தில் இரண்டு கிட்டார் தெளிவாகக் கேட்கிறது. பாடல்களை எழுதியவர்கள் வரிசையிலும் கிளார்க் பெயர் இருக்கிறது. அவர் வாசித்து வைத்திருந்ததைத்தான் போட்டார்களா? இல்லையென்றால் வாசித்தது யார்? ஏன் புது ஆளைச் சேர்க்கவில்லை?” யார் வாசித்தார் என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் கேட்டவருக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் இருப்பதாகத் தெரிகிறது. கிட்டார் கலைஞர் போன பிறகு ஒரு குழுவின் கையில் என்னதான் மிஞ்சுகிறது, அந்த மிச்சத்தை வைத்துச் செய்த ஆல்பத்தை அதே குழுவின் ஆல்பம் என்று நம்பிக் கேட்கலாமா? அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் பல வருடங்களாக ஸ்டூடியோவில் கிட்டார் ட்ராக் பதிவு செய்கிறவன். இந்தக் குழுவில் யாரையும் நேரில் அறியேன். அதனால் எது ஆல்பம் விவரங்களிலும் அவர்களுடைய பேட்டிகளிலும் உள்ளது, எது என் காது சொல்வது என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு வரி பதில். அட்ரினலைஸில் கேட்கும் கிட்டார் ஃபில் கோலன் வாசித்தது. இடப்பக்கம், வலப்பக்கம், ரிதம் (பாட்டுக்கு அடியில் தாளத்தோடு ஓடும் பகுதி), சோலோ (கிட்டார் தனியாக முன்னால் வரும் பகுதி) எல்லாம் அவர்தான். (ஜெனிசிஸ் குழுவின் ஃபில் காலின்ஸ் வேறு ஆள், அவர் டிரம்மர்.) கிளார்க் விட்டுப்போனது டெமோ பதிவுகளை. பாடலுக்கான யோசனை மறந்துபோகாமல் இருக்க அவசரமாக வாசித்து வைத்துக்கொள்ளும் கரடுமுரடான பதிவுகள் அவை. கோலன் அவற்றைக் கேட்டு, கிளார்க்கின் பகுதிகளைப் படித்து, அவர் வாசித்திருக்கக்கூடிய விதத்தில் திரும்ப வாசித்தார். கூட்டாளியின் பதிவோடு சேர்ந்து வாசித்த அந்த நாட்கள் தனக்கு எவ்வளவு பாரமாக இருந்தன என்று பிறகு பேட்டிகளில் பேசியிருக்கிறார்.

பின்னணி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். டெஃப் லெப்பர்ட் இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த குழு. கிளார்க் அதே ஊர்க்காரர், 1960இல் பிறந்தவர், 1978 ஜனவரியில் குழுவில் சேர்ந்தார். முதலில் அவருக்கு ஜோடி பீட் வில்லிஸ். 1982இல் ‘பைரோமேனியா’ பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே குடிப் பிரச்சினையால் வில்லிஸை விலக்கினார்கள், அந்த இடத்துக்கு லண்டனிலிருந்து கோலன் வந்தார். கிளார்க்கும் கோலனும் வெகு சீக்கிரம் இணைபிரியாத ஜோடி ஆனார்கள், சேர்ந்து குடிப்பதிலும்தான். கோலன் ஒரு கட்டத்தில் குடியை அடியோடு விட்டார். கிளார்க்கால் முடியவில்லை. 1990இல் குழுவே அவருக்கு ஆறு மாத விடுப்பு கொடுத்து, உடம்பைத் தேற்றிக்கொண்டு வா என்றது. அந்த விடுப்பு முடிவதற்குள், 1991 ஜனவரி 8 அன்று, லண்டன் வீட்டில் இறந்துகிடந்தார். மதுவும் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மாத்திரைகளும் சேர்ந்ததில் போன உயிர். வயது 30.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கோலன் இந்தக் குழுவுக்குள் நுழைந்ததே இன்னொருவர் பாதியில் விட்ட வேலையை முடிக்கத்தான். பைரோமேனியாவில் வில்லிஸ் வாசித்த ரிதம் பகுதிகள் ஏற்கெனவே டேப்பில் ஏறியிருந்தன. அவற்றை அழிக்கவில்லை. கோலன் வந்து சில சோலோக்களை வாசித்தார், 1983 ஜனவரியில் ஆல்பம் வெளிவந்தது. ஆக அந்த ஆல்பத்தில் கேட்பது மூன்று கிட்டார் கலைஞர்களை. ஒன்பது வருடம் கழித்து அதே கோலன், இறந்துபோன நண்பனின் இடத்திலும் உட்கார வேண்டி வந்தது. இரண்டு சம்பவத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். வில்லிஸ் போனபோது முடிந்த டேப் இருந்தது. கிளார்க் போனபோது இருந்தது டெமோ மட்டும். போனவர் தன் வேலையை எந்த நிலையில் விட்டுவிட்டுப் போனார் என்பதுதான் அடுத்து வரும் ஆல்பத்தின் தலையெழுத்தைப் பெரும்பாலும் எழுதுகிறது. புதிதாக யார் வருகிறார் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சரி, டெமோ இருந்தால் அதையே சுத்தம் செய்து போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். இன்றைக்கு ஓரளவு முடியும். 1991இல் சிரமம், அதிலும் இந்தக் குழுவுக்கு ரொம்பவே சிரமம். காரணம் அவர்கள் பதிவு செய்யும் முறை. அவர்களுடைய தயாரிப்பாளர் மட் லாங், மேடையில் வாசிப்பதுபோல எல்லோரையும் நிறுத்தி ஒரே மூச்சில் பதிவு செய்கிற ஆள் இல்லை. 1987இல் வந்த ‘ஹிஸ்டீரியா’வில் சில இடங்களில் ஒரு கார்டை (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது) முழுதாக மீட்டாமல், அதன் ஸ்வரங்களை ஒவ்வொன்றாகத் தனித்தனியே பதிவு செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். பெரிய ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) வைத்து முழங்குவதற்குப் பதிலாக ‘ராக்மேன்’ என்ற கையடக்கக் கருவி வழியாகப் பெரும்பாலான கிட்டாரை ஏற்றினார்கள். அட்ரினலைஸுக்கு லாங்கால் முழுநேரம் வர முடியவில்லை, பாடகர் பிரயன் ஆடம்ஸின் ஆல்பத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். ஒலிப்பொறியாளர் மைக் ஷிப்லியும் குழுவும் சேர்ந்து தயாரித்தார்கள், லாங் மேற்பார்வையோடு சரி. ஆனால் அடுக்கிக் கட்டும் பழக்கம் போகவில்லை. அப்படிக் கட்டிய சுவரில் டெமோ கிட்டாரைக் கொண்டுபோய் வைத்தால் தாளமும் ஒட்டாது, சத்தமும் ஒட்டாது. எல்லாவற்றையும் புதிதாக வாசிப்பதுதான் ஒரே வழி.

இந்த முறைதான் ஒருவரே இரண்டு பேர் வேலையைச் செய்யவும் வழிவிட்டது. மேடையில் முடியாது, ஸ்டூடியோவில் முடியும். எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் கேட்டவருடைய சந்தேகத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ராக் பாடல்களில் ரிதம் கிட்டாரை ஒருமுறை வாசித்து இடது ஸ்பீக்கருக்கும், அதே பகுதியை மறுபடி முதலிலிருந்து வாசித்து வலது ஸ்பீக்கருக்கும் அனுப்புவது வழக்கம். முதல் டேக்கையே (ஒருமுறை வாசித்த பதிவையே) நகல் எடுத்து இரண்டு பக்கமும் போட்டால் பிரயோஜனம் இல்லை, சத்தம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது முறை நிஜமாகவே வாசிக்க வேண்டும். எவ்வளவு கவனமாக வாசித்தாலும் பிக் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) கம்பியைத் தொடும் நேரம் இம்மியளவு முன்பின் ஆகும், விரல் அழுத்தம் மாறும். அந்தச் சின்னச் சின்ன வித்தியாசங்களால்தான் கிட்டார் அகலமாக விரிகிறது. ஆகவே இரண்டு பக்கமும் கிட்டார் கேட்பதால் மட்டும் இரண்டு ஆள் வாசித்தார்கள் என்று முடிவு கட்ட முடியாது.

ஆனாலும் ஒரே ஆள் இரண்டு முறை வாசிப்பதும், இரண்டு ஆள் ஆளுக்கொரு முறை வாசிப்பதும் ஒன்று ஆகாது. ஒருவருக்குத் தாளத்தைத் துளி பின்னால் இழுத்து வாசிக்கும் பழக்கம் இருக்கும், இன்னொருவர் முட்டிக்கொண்டு முன்னால் ஓடுவார். கம்பியைக் கீழ்நோக்கி அடிக்கும் இடமும் மேல்நோக்கி அடிக்கும் இடமும் மாறும். நீண்ட ஸ்வரத்தின் கடைசியில் விரலை ஆட்டும் வேகம் ஆளுக்கு ஆள் வேறு, கையெழுத்து மாதிரி. ஒரே ஆளின் இரண்டு டேக்கில் இந்த எல்லாமே ஒரே திசையில் சாயும். அதை மறைக்கப் பல வேலைகள் செய்வோம்: வேறு கிட்டார், வேறு ஆம்ப், கனமான பிக், அதே கார்டைக் கழுத்தின் வேறு இடத்தில் பிடிப்பது, இன்னொரு பக்கத்துக்கு மட்டும் கேப்போ (கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டுவது. நின்று வாசித்தவரை உட்காரவைத்துப் பதிவு செய்தால்கூட வித்தியாசம் தெரியும். இதையெல்லாம் செய்தாலும் மனசு ஒன்றுதானே. ஒரு பாடலின் எந்த இடத்தில் வாசிக்காமல் சும்மா இருக்க வேண்டும் என்று இரண்டு பேர் இரண்டு விதமாக நினைப்பார்கள். அதை எந்தக் கருவியாலும் போலி செய்ய முடியாது.

கிளார்க்கும் கோலனும் அந்த வகையில் நேர் எதிர். கோலன் சுத்தமான கை, வேகம், ஒரு ஸ்வரம்கூடப் பிசகாத சோலோ வாசிப்பு. கிளார்க் லெஸ் பால் கிட்டாரைத் தொடைவரை இறக்கித் தொங்கவிட்டு, கொஞ்சம் தளர்வாக வாசிப்பவர். சோலோவைவிட ரிஃப்பில்தான் (பாடலில் திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் துண்டு) அவருக்கு உயிர். ‘ஹை அன்ட் ட்ரை’ ஆல்பத்தில் ‘ஸ்விட்ச் 625’ என்று ஒரு பாட்டில்லாத இசைத்துண்டு வரும், முழுக்க அவர் எழுதியது. பாடகரே தேவைப்படாத அளவுக்கு அதில் கிட்டார் மட்டுமே கதையை நகர்த்திக்கொண்டு போகும். ஹிஸ்டீரியாவின் ‘காட்ஸ் ஆஃப் வார்’ பாடலிலும் அந்த நிழலும் இருட்டும் இருக்கிறது. அட்ரினலைஸில் எனக்குக் குறையாகப் படுவது அந்த இருட்டுதான். ஆல்பம் பளபளவென்று இருக்கிறது. எல்லாம் நேராக, ஓரம் தட்டி, மெருகேற்றி. இது என் காதின் தீர்ப்பு, ஒப்புக்கொள்ளாதவர்கள் நிறைய உண்டு. லாங் முழுநேரம் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம், கிளார்க் இல்லாதது மட்டும்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். விற்பனையில் ஒரு குறையும் இல்லை. 1992 மார்ச் 31 அன்று வெளிவந்து, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது, அமெரிக்காவில் ஐந்து வாரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

விதிவிலக்காக ஒரு பாடல் இருக்கிறது: ‘வைட் லைட்னிங்’. கிளார்க்கின் பட்டப்பெயர் அது, பாடலும் அவரைப் பற்றியது. ஏழு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஓடும். இதில் கோலன் தன்னுடைய வழக்கமான கையை விட்டுவிட்டு, கிளார்க் பாணியில் மெதுவாக ஒரு கிட்டாரை விரித்துக்கொண்டே போகிறார். செத்துப்போனவரைப் பற்றிய பாடலை அவருடைய நடையிலேயே வாசிக்க வேண்டிய நிலைமை. அந்த ஆல்பத்தில் எனக்கு உண்மையாகவே இரண்டு மனிதர் வாசிப்பதுபோல் தோன்றும் ஒரே இடம் அதுதான்.

அடுத்து, ஏன் புது ஆளை எடுக்கவில்லை? நிச்சயமாகத் தெரிந்தது, நான்கு பேராகவே ஆல்பத்தை முடித்துவிட்டு அப்புறம் ஆள் தேடுவது என்று அவர்கள் முடிவு செய்தார்கள் என்பது. காரணங்களை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். பாடல்களில் ஒரு பங்கு கிளார்க் இருக்கும்போதே எழுதப்பட்டவை. அவற்றின் உள்ளும் புறமும் அறிந்த ஒரே கிட்டார்க்காரர் கோலன். புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் பாடலையும் கற்க வேண்டும், இறந்தவரின் கையையும் கற்க வேண்டும், துக்கத்தில் இருக்கும் நான்கு பேரோடு பழகவும் வேண்டும். இன்னொன்று அந்தக் குழுவின் குணம். டிரம்மர் ரிக் ஆலன் 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடது கையை இழந்தபோது வேறு டிரம்மரைத் தேடாமல், கால் பெடல்களோடு மின்னணு டிரம்ஸ் அமைத்து அவர் திரும்பி வரும்வரை காத்திருந்தவர்கள். வில்லிஸை விலக்கியது தவிர, ஆள் போனதும் நாற்காலியை நிரப்பும் பழக்கம் அவர்களிடம் இல்லை. ஆனால் மேடை என்று வந்துவிட்டால் ஒரு ஆள் கட்டாயம். ஆல்பம் வெளிவந்த சமயத்தில் பெல்ஃபாஸ்ட்காரர் விவியன் கேம்ப்பெல் சேர்ந்தார். ஏப்ரல் 20 அன்று வெம்ப்ளியில் நடந்த, குயின் குழுப் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் நினைவு நிகழ்ச்சியில் உலகம் அவரை அவர்களோடு பார்த்தது. அவர் முழுதாகப் பங்கெடுத்த முதல் புது ஸ்டூடியோ ஆல்பம் 1996இல் வந்த ‘ஸ்லாங்’. அதில் மெருகைக் குறைத்து, மேடைச் சத்தத்துக்குக் கிட்டே போனார்கள்.

வேறு குழுக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது விளங்கும். ஏசி/டிசி குழுவில் மால்கம் யங் ரிதம் கிட்டார்தான் வாசித்தார், மேடையில் பின்னால் நிற்பார், பள்ளிச் சீருடையில் குதிக்கும் தம்பி ஆங்கஸைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் குழுவின் முதுகெலும்பு அண்ணன். ஒரே ஒரு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பாகம்) மட்டும் விட்டுவைத்த பழைய கிரெட்ச் கிட்டார், தடித்த கம்பிகள், அதிகம் கரகரக்காத ஆம்ப். பலமாக அடித்தால் சத்தம், மெதுவாக அடித்தால் மௌனம், எல்லாம் வலது கையில். மறதி நோயால் அவர் விலகியபோது, 2014இல் ‘ராக் ஆர் பஸ்ட்’ ஆல்பத்தில் அந்த இடத்துக்கு வந்தவர் ஸ்டீவி யங், மூத்த அண்ணனின் மகன். 1988இலேயே ஒரு சுற்றுப்பயணத்தில் மால்கமுக்குப் பதிலாக வாசித்தவர். மால்கம் 2017 நவம்பர் 18 அன்று காலமானார். 2020 நவம்பரில் ‘பவர் அப்’ வந்தது. அதில் எல்லாப் பாடலும் ஆங்கஸ், மால்கம் இருவர் பெயரிலும் இருக்கிறது. ஏமாற்று ஒன்றும் இல்லை. அண்ணன் தம்பி இருவரும் வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த ரிஃப் குவியலிலிருந்து ஆங்கஸ் எடுத்துக் கட்டியவை அவை. கிளார்க் விட்டுப்போனதைவிட இது பெரிய சொத்து. கூடவே, அதே குடும்பத்தில் அதே ரிதத்தைக் கேட்டு வளர்ந்த ஒரு கை. அதனால்தான் அந்த ஆல்பத்தில் இழப்பு காதில் விழுவதே இல்லை.

நேர் எதிர்முனை ப்ரிடெண்டர்ஸ் குழு. 1982 ஜூன் 16 அன்று அவர்களுடைய கிட்டார்க்காரர் ஜேம்ஸ் ஹனிமேன்-ஸ்காட் கோகெய்னால் இதயம் நின்று இறந்தார், வயது 25. அதற்கு இரண்டு நாள் முன்புதான் பேஸ் வாசிப்பவர் பீட் ஃபார்ன்டனை விலக்கியிருந்தார்கள், அடுத்த வருடம் அவரும் போதையில் இறந்தார். மிஞ்சியது பாடகி கிறிஸ்ஸி ஹைண்டும் டிரம்மர் மார்ட்டின் சேம்பர்ஸும் மட்டுமே. இறந்தவருடைய கிட்டாரைப் போலி செய்ய அவர்கள் முயலவே இல்லை. ஒரு மாதம் கழித்து, பில்லி பிரெம்னர் என்ற வெளியாளை ஸ்டூடியோவுக்கு அழைத்து ‘பேக் ஆன் தி செயின் கேங்’ பாடலைப் பதிவு செய்தார்கள். பிறகு ராபி மெக்கின்டாஷ் நிரந்தரமாகச் சேர்ந்தார், 1984 ஜனவரியில் ‘லேர்னிங் டு கிரால்’ வந்தது. குழு அங்கே மாறிவிட்டது. ஆனால் பாடல் எழுதுவதும் பாடுவதும் ஹைண்ட் என்பதால் ஆல்பம் கால் ஊன்றி நிற்கிறது. குழுவின் மையம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் இதையெல்லாம் ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஆக, கேட்டவருடைய கடைசிச் சந்தேகத்துக்கு வருகிறேன். அட்ரினலைஸில் கிளார்க் பெயர் இருப்பது அஞ்சலிக்காகப் போட்டதா? இல்லை. பாடலை எழுதிய உரிமை வேறு, பதிவில் வாசித்ததற்கான உரிமை வேறு. ரிஃப்பை உருவாக்கியவர் இறந்தாலும் எழுத்துரிமை அவருடையது, பிரிட்டன் சட்டப்படி, சேர்ந்து எழுதியவர்களில் கடைசியாக இறப்பவருக்குப் பிறகும் 70 வருடம்வரை அவருடைய பங்கு வாரிசுகளுக்குப் போகும். வாசித்தவர் கோலன், எழுதியவர்களில் ஒருவர் கிளார்க். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. இதில் ரசிகரை யாரும் ஏமாற்றவில்லை.

கிளார்க்கின் சொந்தக் கையை அவர் இறந்த பிறகு வந்த ஆல்பத்தில் கேட்க வேண்டுமானால் 1993இல் வந்த ‘ரெட்ரோ ஆக்டிவ்’ எடுங்கள். ஹிஸ்டீரியா காலத்தில் மிஞ்சிய ‘டெசர்ட் சாங்’, ‘ஃப்ராக்சர்ட் லவ்’ இரண்டும் அதில் இருக்கின்றன. முதலில் ‘ஸ்விட்ச் 625’, பிறகு ‘டெசர்ட் சாங்’, கடைசியில் ‘வைட் லைட்னிங்’ என்ற வரிசையில் கேளுங்கள். நீண்ட ஸ்வரங்கள் முடியும் இடத்தில் விரல் எப்படி ஆடுகிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும், யார் எங்கே என்று பிடிபடும். ஹெட்ஃபோன் போட்டே கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டால் இடமும் வலமும் ஒன்றாகிவிடும், நான் இவ்வளவு நேரம் சொன்ன எதுவும் காதில் விழாது.